ஜோகூர் பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போவதா? மலேசியத் தமிழர் முன்னுள்ள மூன்று வழிகளின் ஒப்பீடு

"சிங்கப்பூரில் 2,400 வெள்ளிக்கு வேலை கிடைத்திருக்கிறது, கோலாலம்பூரில் 4,000 ரிங்கிட்டுக்குச் செய்துவரும் வேலையை விட்டுவிடலாமா?" இந்தக் கேள்வி மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் ஓயாமல் எழுந்துகொண்டே இருக்கிறது. குளுவாங், சிகாமட், பத்து பஹாட் போன்ற ஜோகூர் ஊர்களில் மட்டுமல்லாமல், ஈப்போவிலும் சிரம்பானிலும் வாழும் இளைஞர்களும் இதைக் கேட்கிறார்கள். அவர்களுக்கு அறிவுரை சொல்பவர்களோ பெரும்பாலும் நாணய மாற்று விகிதத்தைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். 1973 வரை இரு நாட்டு நாணயங்களும் ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் மாற்றிக்கொள்ளப்பட்டன. இன்று ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு (டாலருக்கு) மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிறது. மூன்றால் பெருக்கிப் பார்த்தவுடன் மற்றக் கணக்குகள் எல்லாம் மங்கிப்போகின்றன.

நான் ஏழு ஆண்டுகள் சிங்கப்பூர் எல்லையிலுள்ள உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வழியாக நாள்தோறும் போய்வந்தவன். அதன்பின் ஷா ஆலாமில் வேலை தேடிக்கொண்டேன். போனதற்காக வருந்தவில்லை. ஆனால் போவதற்கு முன்னால் போட்டிருக்க வேண்டிய கணக்கைத் திரும்பி வந்த பிறகே போட்டேன் என்பது எனக்கு இன்றும் உறுத்தலாக இருக்கிறது. அந்தக் கணக்கை, இனி முடிவெடுக்கப்போகிறவர்களுக்குப் பயன்படும் வகையில் இங்கே விரித்து எழுதுகிறேன்.

ஒப்பிடப்போகும் வழிகள் மூன்று. ஜோகூர் பாருவில் வசித்துக்கொண்டு நாள்தோறும் சிங்கப்பூருக்குப் போய்வருவது முதலாவது. சிங்கப்பூரிலேயே அறை எடுத்துத் தங்கி, வார இறுதியிலோ மாதம் ஒருமுறையோ வீடு திரும்புவது இரண்டாவது. மலேசியாவிலேயே, குறிப்பாகக் கோலாலம்பூரும் சுற்றுப்புற நகரங்களும் அடங்கிய கிள்ளான் பள்ளத்தாக்கில், வேலை செய்வது மூன்றாவது.

எதை வைத்து எடைபோடுவது?

முதல் அளவுகோல், வாடகை, உணவு, போக்குவரத்து எல்லாம் போன பின் மாதக் கடைசியில் மிஞ்சும் பணம். இரண்டாவது, அந்தப் பணத்துக்காகச் செலவாகும் மொத்த நேரம். வேலை நேரத்தோடு பயண நேரத்தையும் இதில் சேர்க்க வேண்டும். மூன்றாவது, முதுமைக்கான சேமிப்பும், விபத்தோ வேலையிழப்போ நேர்ந்தால் கைகொடுக்கும் பாதுகாப்பும். நான்காவது, குடும்பம்: குழந்தைப்பேறு, பள்ளி, பெருநாள்கள். ஐந்தாவது, வேலையிடத்தின் பண்பாடும் முன்னேறும் வாய்ப்பும்.

இவை அனைத்தும் எல்லாருக்கும் ஒரே எடையுடையவை அல்ல. மணமாகாத 24 வயதுக்காரருக்கு முதல் அளவுகோல் முன்னே நிற்பது இயல்பு. பள்ளி செல்லும் பிள்ளைகள் உள்ளவர் நான்காவதை முதலில் வைத்துப் பார்க்க வேண்டும். மூன்றாவதை மட்டும் எந்த வயதினரும் கடைசிக்குத் தள்ளிவிடக் கூடாது, பெரும்பாலோர் தள்ளிவிடுகிறார்கள்.

ஒரே மனிதர், மூன்று கணக்குகள்

தொடக்கத்தில் சொன்ன அதே சம்பளங்களை எடுத்துக்கொள்வோம். ஒரு வெள்ளி 3.20 ரிங்கிட் என்றும், வாரத்துக்கு ஆறு நாள் வேலை என்றும் வைத்துக்கொள்கிறேன். வாடகையும் உணவும் தனியாள் ஒருவருக்காக நான் வைத்துள்ள உத்தேசத் தொகைகள். அவரவர் தம் எண்களை இட்டு மாற்றிக்கொள்ளலாம். எல்லாத் தொகைகளும் மாதத்துக்கு, ரிங்கிட்டில் தரப்பட்டுள்ளன.

| | நாள்தோறும் கடப்பது | சிங்கப்பூரில் அறை | கோலாலம்பூர் |
|---|---|---|---|
| சம்பளம் | 7,680 | 7,680 | 4,000 |
| சேமநிதிக்கு ஊழியர் செலுத்தும் 11% | இல்லை | இல்லை | 440 |
| வாடகை | 700 | 2,880 | 700 |
| உணவு | 900 | 1,600 | 700 |
| போக்குவரத்து | 500 | 450 | 200 |
| கையில் மிஞ்சுவது | 5,580 | 2,750 | 1,960 |
| சேமநிதியில் சேர்வது (ஊழியர் 11%, முதலாளி 13%) | இல்லை | இல்லை | 960 |
| மொத்தம் | 5,580 | 2,750 | 2,920 |

நடுவில் உள்ள நிரலைக் கவனிக்க வேண்டும். 2,400 வெள்ளிச் சம்பளத்தில் சிங்கப்பூரிலேயே அறை எடுத்துத் தங்குபவர், கோலாலம்பூரில் 4,000 ரிங்கிட் வாங்குபவரைவிடச் சற்றுக் குறைவாகவே சேர்க்கிறார். சம்பளச் சீட்டில் ஏறத்தாழ இரு மடங்காகத் தெரிந்த தொகை, 900 வெள்ளி அறை வாடகையிலும் 500 வெள்ளி உணவுச் செலவிலும் கரைந்துவிடுகிறது.

முதல் நிரல் மிக உயரமாகத் தெரிவதற்கு, அதில் நேரம் இடம்பெறாததே காரணம். சிங்கப்பூரில் சட்டப்படி வாரத்துக்கு 44 மணி நேர வேலை. மாதத்துக்கு ஏறத்தாழ 190 மணி நேரம். எல்லை கடந்து போகவர நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் என்றால், விடுமுறையும் விடுப்பும் போக மாதத்தில் 24 நாளுக்கு 96 மணி நேரம். ஆக மொத்தம் 286. மலேசியாவில் 2023 ஜனவரி முதல் வார வேலை நேரத்தின் உச்சவரம்பு 48-லிருந்து 45 மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. அதன்படி மாதத்துக்கு 195 மணி நேரமும், பயணத்துக்கு நாளொன்றுக்கு இரண்டு மணி வீதம் 48 மணி நேரமும் சேர்த்தால் 243. போக்குவரத்துச் செலவைக் கழித்து, முதலாளியின் சேமநிதிப் பங்கையும் கூட்டி வகுத்துப் பார்த்தால், நாள்தோறும் கடப்பவருக்கு மணிக்கு ஏறத்தாழ 25 ரிங்கிட், கோலாலம்பூர்க்காரருக்கு ஏறத்தாழ 18 ரிங்கிட். சம்பளத்தில் 1.9 மடங்காக இருந்த இடைவெளி, மணிக்கணக்கில் 1.4 மடங்காகச் சுருங்கிவிடுகிறது. 1.4 மடங்கும் பெரிய வேறுபாடுதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் முடிவு எடுக்கும்போது மனத்தில் இருக்க வேண்டிய எண் 3.2-ம் அல்ல, 1.9-ம் அல்ல.

முதல் வழி: நாள்தோறும் பாலத்தைக் கடப்பது

ஜோகூர் பாருவையும் உட்லண்ட்ஸையும் இணைக்கும் பாலம் ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் நீளமுடையது. 1923-இல் ரயில்கள் ஓடத் தொடங்கி, 1924 ஜூனில் முறைப்படி திறக்கப்பட்டது. தஞ்சோங் கூப்பாங்கையும் துவாஸையும் இணைக்கும் இரண்டாவது பாலம் 1998-இல் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கடக்கும் இந்த எல்லை, உலகின் மிக நெரிசலான தரைவழி எல்லைகளில் ஒன்று. ஜோகூர் பாருவின் தாமான்களில் (குடியிருப்புப் பகுதிகளில்) விடியற்காலை நான்கு மணிக்கே அடுப்பு எரிவதும், ஐந்து மணிக்கெல்லாம் மோட்டார் சைக்கிள்கள் சாரிசாரியாகப் பாலத்தை நோக்கி ஓடுவதும் இதனால்தான்.

பயணம் ஒரே நேரத்தில் முடிவதில்லை என்பதே இதன் தலையாய சிக்கல். சுல்தான் இஸ்கந்தர் கட்டடத்தில் மலேசியக் குடிநுழைவைத் தாண்டி, பேருந்தில் ஏறி, பாலத்தைக் கடந்து இறங்கி, உட்லண்ட்ஸில் சிங்கப்பூர்க் குடிநுழைவைத் தாண்டி, மறுபடியும் பேருந்து பிடிக்க வேண்டும். 2024 மார்ச் முதல் உட்லண்ட்ஸில், முதற்கட்டமாகக் காரில் வருவோர், கடப்பிதழுக்குப் பதிலாகக் கைப்பேசியில் கியூஆர் குறியீட்டைக் காட்டி நுழையலாம் என்ற ஏற்பாடு வந்தபின் வரிசை வேகமாக நகர்கிறது. ஆயினும் பள்ளி விடுமுறைத் தொடக்கத்திலும் நீண்ட வார இறுதிக்கு முந்தைய மாலையிலும் ஒரு மணி நேரப் பயணம் மூன்று மணி நேரமாக நீள்வது இன்றும் உண்டு. சாதாரண நாளின் நேரத்தை நம்பி எவரும் வேலைக்குப் போக முடியாது. கெட்ட நாளை எண்ணியே நாள்தோறும் முன்கூட்டிக் கிளம்ப வேண்டியிருப்பதால், அரை மணி முதல் முக்கால் மணி நேரம் வரை வேலையிட வாசலிலேயே கழிந்துவிடும். காரில் போகலாமே என்பவர்களுக்கு: வெளிநாட்டுப் பதிவு பெற்ற கார் வேலை நாள்களின் பகல் நேரத்தில் சிங்கப்பூருக்குள் நுழைய நாளொன்றுக்கு 35 வெள்ளி கட்டணம் உண்டு. ஆண்டுக்குச் சில நாள்கள் விலக்கு இருந்தாலும், நாள்தோறும் போய்வருபவருக்கு அது போதாது.

மறைந்திருக்கும் செலவுகளில் முதன்மையானது சேமநிதி. சிங்கப்பூரின் மத்திய சேமநிதி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியது. ஒர்க் பெர்மிட் (தொடக்கநிலை ஊழியருக்கானது), எஸ் பாஸ் (இடைநிலைத் திறனாளருக்கானது) போன்ற வேலை அனுமதிகளில் வேலை செய்யும் மலேசியருக்கு முதலாளி எந்தப் பங்கையும் செலுத்துவதில்லை. மலேசியாவிலோ, 5,000 ரிங்கிட் வரை சம்பளம் பெறுவோருக்கு ஊழியர் சேமநிதி வாரியத்தில் முதலாளி 13 விழுக்காடும் ஊழியர் 11 விழுக்காடும் செலுத்துகின்றனர். மேற்கண்ட கணக்கில் உள்ள 960 ரிங்கிட்டைப் பத்து ஆண்டுகள் செலுத்தி, ஆண்டுக்கு 5.5 விழுக்காடு இலாப ஈவு கிடைப்பதாகக் கொண்டால் தொகை ஏறத்தாழ 1,48,000 ரிங்கிட் ஆகும். 40 வயதில் இருக்கும் அந்தத் தொகையை 55 வரை தொடாமல் விட்டால் 3,30,000 ரிங்கிட்டை எட்டும். 2023-இல் வாரியம் அறிவித்த ஈவு 5.5 விழுக்காடு, 2024-இல் 6.3 விழுக்காடு என்பதை நோக்க, இது மிகைப்படுத்திய கணக்கு அன்று. சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டே இதே வாரியத்தில் தாமாகப் பணம் செலுத்தவும் வழி உண்டு. ஆண்டுக்கு 1,00,000 ரிங்கிட் வரை செலுத்தலாம். முடியும் என்றாலும், கட்டாயம் இல்லாததால் செய்பவர்கள் குறைவு. நான் ஏழு ஆண்டுகளில் ஒருமுறைகூடச் செலுத்தவில்லை; கையில் இருந்த பணம் காராகவும் வீட்டுத் தளவாடமாகவும் மாறியது.

இரண்டாவது மறைசெலவைப் பற்றிப் பேசுவோர் மிகக் குறைவு, ஆனால் இது உயிரோடு தொடர்புடையது. மலேசியாவில் வேலை செய்பவர் வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ விபத்துக்குள்ளானால், சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம் இழப்பீடு வழங்கும். சிங்கப்பூரின் வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம் வெளிநாட்டு ஊழியரையும் காக்கிறது என்றாலும், வேலைக்குப் போகவர நேரும் விபத்தை, முதலாளி ஏற்பாடு செய்த வாகனத்தில் போனாலன்றி, பொதுவாக உள்ளடக்காது. விடியற்காலை இருளில், மழையில், ஆயிரக்கணக்கான மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே போகிறவருக்குத்தான் இந்தக் காப்பு மிகவும் தேவை. அவருக்குத்தான் அது இல்லை. இந்த வழியைத் தேர்ந்தெடுப்பவர், முதல் மாதச் சம்பளத்திலேயே தனிநபர் விபத்துக் காப்புறுதி ஒன்றை எடுத்துவிட வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்வேன்.

குடும்பத்தைப் பொறுத்தவரை இந்த வழிக்குச் சாதகமானவை நிறைய உண்டு. பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியில் கட்டணமின்றிப் படிக்கலாம். அரசு மருத்துவமனையில் வெளிநோயாளிக் கட்டணம் ஒரு ரிங்கிட். தாத்தா பாட்டியும் அருகில் இருப்பர். நெடுங்காலம் இருந்த ஒரு குறையும் நீங்கிவிட்டது. ஜோகூரில் 2014 முதல் வெள்ளியும் சனியும் வார விடுமுறையாக இருந்ததால், சனி ஞாயிறு விடுமுறை பெற்ற சிங்கப்பூர் ஊழியருக்கும் வெள்ளி சனி விடுமுறை பெற்ற அவருடைய பிள்ளைகளுக்கும் பொதுவாக ஒரே நாள்தான் கிடைத்தது. 2025 ஜனவரி 1 முதல் மாநிலம் சனி ஞாயிறுக்கு மாறிவிட்டது. ஆனால் வேலை நாள்களில் நிலைமை மாறவில்லை. நான் கிளம்பும்போது என் மகள் உறங்கிக்கொண்டிருப்பாள், திரும்பும்போதும் உறங்கிக்கொண்டிருப்பாள். அவள் முதலாம் ஆண்டில் வாசிக்கத் தொடங்கியதை, சனிக்கிழமை ஒன்றில் நாளிதழின் தலைப்பை அவள் உரக்கப் படித்தபோதுதான் அறிந்துகொண்டேன்.

இரண்டாவது வழி: சிங்கப்பூரில் அறை எடுத்துத் தங்குவது

இந்த வழி நேரத்தை விலைக்கு வாங்குவது போன்றது. மேற்கண்ட அட்டவணைப்படி, நாள்தோறும் கடப்பவரைவிட மாதம் 2,830 ரிங்கிட் கூடுதலாகச் செலவிட்டு இவர் பெறுவது, பயணத்தில் நாளொன்றுக்கு இரண்டு மணி மிச்சம் என்று கொண்டால், ஏறத்தாழ 48 மணி நேரம்; மணிக்கு 59 ரிங்கிட். 2,400 வெள்ளிச் சம்பளக்காரர் ஒரு மணி நேரம் உழைத்துப் பெறுவதோ 40 ரிங்கிட்தான். தாம் விற்கும் விலையைவிடக் கூடுதலான விலைக்குத் தம் நேரத்தையே திரும்ப வாங்குகிறார் என்று பொருள். சம்பளம் ஏறத்தாழ 3,500 வெள்ளியைத் தாண்டும்போதுதான் இந்தக் கொள்முதல் கட்டுப்படியாகிறது. அந்த எல்லைக்குக் கீழே இருப்பவர் வேறு வலுவான காரணம் இருந்தாலன்றி இந்த வழியில் இறங்க வேண்டாம் என்பதே என் கருத்து. இரவுப் பணி மாறிமாறி வரும் தாதியர், அதிகாலை ஐந்து மணிக்குத் தொடங்கும் விமான நிலைய வேலை செய்வோர் ஆகியோருக்கு அத்தகைய காரணம் உண்டு.

வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டைப் பலர் சேர்ந்து முழுதாக எடுப்பதில் மலேசியருக்கு ஒரு வசதி இருக்கிறது. குடியிருப்புப் பேட்டைகளில் வெளிநாட்டினருக்கு முழு வீட்டை வாடகைக்கு விடுவதில் உள்ள விகித வரம்பு மலேசியருக்குப் பொருந்தாது. ஆனால் வீவக வாடகை ஒப்பந்தம் குறைந்தது ஆறு மாதத்துக்கு இருக்க வேண்டும் என்பதால், வேலை பிடிக்காமல் இரண்டாம் மாதம் திரும்ப நினைப்பவர் வைப்புத்தொகையை இழக்க நேரிடலாம். சமைக்கலாமா, துணி துவைக்க வாரத்தில் எத்தனை நாள், குளிரூட்டி எந்நேரம் வரை என்பவை வாய்மொழி ஒப்பந்தத்தில் அடங்கிக் கிடப்பவை. எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. சிங்கப்பூரில் குடியிருக்கத் தொடங்கிய பிறகு, மலேசியப் பதிவு பெற்ற மோட்டார் சைக்கிளையோ காரையோ அங்கே ஓட்டவும் அனுமதி இல்லை.

குடும்பத்தை அழைத்துக்கொள்ளும் எண்ணம் உள்ளவர்கள் ஓர் எண்ணை மனத்தில் இருத்த வேண்டும். துணைவரையும் பிள்ளைகளையும் சார்ந்திருப்போர் அனுமதியில் அழைத்துவர மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி இருக்க வேண்டும், அதுவும் எஸ் பாஸோ, உயர்நிலைப் பணியாளருக்கான எம்பிளாய்மென்ட் பாஸோ பெற்றிருந்தால்தான். ஒர்க் பெர்மிட்டில் இருப்பவருக்கு அந்த வாய்ப்பே இல்லை. ஆகவே பெரும்பாலோருக்கு இந்த வழி என்பது, குடும்பம் ஓரிடமும் தாம் ஓரிடமுமாக வாழும் வழி.

நிரந்தரவாசத்தை இலக்காகக் கொண்டவருக்கு மட்டும் கணக்கு வேறாகிறது. நிரந்தரவாசியாகி முதல் இரண்டு ஆண்டுகளில் படிப்படியாக உயரும் மத்திய சேமநிதி விகிதம், அதன்பின் 55 வயது வரை ஊழியருக்கு 20, முதலாளிக்கு 17 விழுக்காடு என்ற முழு அளவை எட்டுகிறது. இது மலேசிய விகிதத்தைவிட உயர்ந்தது. அதே வேளையில், நிரந்தரவாசத் தகுதி பெறும் ஆண் பிள்ளைகளுக்கு ஈராண்டுத் தேசிய சேவைக் கடமை வரும். பிள்ளை கைக்குழந்தையாக இருக்கும்போது கையொப்பமிடும் பெற்றோர், 18 வயதில் அவன் முன் நிற்கப்போகும் கடமைக்கும் சேர்த்தே கையொப்பமிடுகிறார்கள்.

பண்பாட்டு வாழ்க்கை இங்கு வறண்டது என்று எவரும் சொல்ல முடியாது. தமிழ் இந்நாட்டின் ஆட்சிமொழிகளுள் ஒன்று. 1935-இல் தொடங்கிய தமிழ் முரசு இன்றும் வெளிவருகிறது. சிராங்கூன் சாலையில் ஞாயிறு மாலை நின்றால் ஊர் நினைவு தணியும். ஆனால் தைப்பூசம் 1968 முதல் சிங்கப்பூரில் பொது விடுமுறை அன்று. ஜோகூரிலும் சிலாங்கூரிலும் பினாங்கிலும் விடுமுறை எடுத்துக் காவடியோடு நடந்து பழகியவர், இங்கே ஆண்டு விடுப்பிலிருந்து ஒரு நாளைக் கேட்டு வாங்க வேண்டும். சிறு செய்தி என்று தோன்றலாம். பத்துமலைக்கு ஆண்டு தவறாமல் போன குடும்பத்துப் பிள்ளைக்கு அது சிறிது அன்று.

மூன்றாவது வழி: மலேசியாவிலேயே வேலை

கோலாலம்பூர், பெட்டாலிங் ஜெயா, ஷா ஆலாம், கிள்ளான் என விரியும் பள்ளத்தாக்கில் சம்பளம் குறைவு என்பதே இந்த வழியின் மாறாத குறை. 2025-இல் குறைந்தபட்ச ஊதியம் 1,700 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்ட பின்னரும், பட்டம் பெற்று வெளிவருபவரின் முதல் சம்பளம் நகர வாடகைக்கும் கார்க் கடனுக்கும் சாலைக் கட்டணத்துக்கும் திணறவே செய்கிறது. எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி. நகர ரயில் வழித்தடங்களுக்கு அருகே வாடகை அதிகம். தொலைவில் குடியிருந்தால் கார் தவிர்க்க முடியாதது. சம்பளத்தை ஒப்பிடும்போது கார்க் கடனின் மாதத் தவணையைக் கழிக்காமல் விடுபவர்கள் தம்மையே ஏமாற்றிக்கொள்கிறார்கள்.

ஆனால் சட்டம் தரும் பாதுகாப்பு இங்கே அடர்த்தியானது. சேமநிதியும் சொக்சோவும் முன்பே சொல்லப்பட்டன. 2018-இல் நடப்புக்கு வந்த வேலைக் காப்புறுதித் திட்டத்தின் கீழ், ஆட்குறைப்பில் வேலை இழந்தவருக்குப் புது வேலை தேடும் காலத்தில் ஆறு மாதம் வரை உதவித்தொகை கிடைக்கும். சிங்கப்பூரில் வேலை போனால் அனுமதி இரத்தாகி, வருமானமின்றி வீடு திரும்ப வேண்டியதுதான். பெண்களுக்கு வேறுபாடு இன்னும் பெரிது. மலேசியாவில் 2023 முதல் பேறுகால விடுப்பு 98 நாள், முழு ஊதியத்துடன். தந்தைக்கும் ஏழு நாள் உண்டு. சிங்கப்பூரில் பிறக்கும் குழந்தை அந்நாட்டுக் குடியுரிமை பெறாதபோது, தாய்க்குக் கிடைப்பது 12 வார விடுப்பு. அதில் ஊதியம் பொதுவாக முதல் எட்டு வாரத்துக்கே. அடுத்த மூன்று நான்கு ஆண்டுகளில் குழந்தை பெற எண்ணும் தம்பதியர், சம்பள ஒப்பீட்டில் இந்த வாரங்களையும் ரிங்கிட்டாக மாற்றிக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

வேலையிடப் பண்பாட்டில்தான் இரு நாடுகளும் உண்மையில் பிரிகின்றன. மலேசிய அலுவலகத்தில் மேலாளரை 'என்சிக்', 'புவான்' என்று மரியாதைச் சொல்லோடு அழைப்பது வழக்கம். 'டத்தோ' என்ற கௌரவப் பட்டம் பெற்றவரை அப்பட்டத்தாலேயே விளிப்பர். எதிர்ப்பை நேராகச் சொல்லாமல் சுற்றிவளைத்துச் சொல்வதே நாகரிகமாகக் கருதப்படும். வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜும்மா தொழுகைக்காக இடைவேளை நீளும். ரமலான் மாதத்தில் மாலைக் கூட்டங்களைத் தவிர்ப்பார்கள். தீபாவளிக்கு நம் வீட்டுத் திறந்த இல்ல உபசரிப்புக்கு மலாய், சீன நண்பர்கள் குடும்பத்தோடு வருவார்கள். சிங்கப்பூரில் மேலாளரைப் பெயர் சொல்லி அழைக்கலாம், ஆனால் பத்து நிமிடத் தாமதத்துக்கு விளக்கம் சொல்ல வேண்டும். நடைமுறை எழுத்தில் இருக்கும். அதன்படி நடந்தால் எவரிடமும் தலைகுனிய வேண்டியதில்லை. மலேசியாவில் பதவி உயர்வு யாரைத் தெரியும் என்பதைப் பொறுத்தது என்ற மனக்குறை நம் இளைஞர்களிடம் ஆழமாக இருக்கிறது, அதற்கு அடிப்படையே இல்லை என்று என்னால் சொல்ல இயலாது. சிங்கப்பூரில் அந்தக் குறை அறவே இல்லை என்று நம்பிப் போகிறவர்களோ, உற்பத்திக் கூடத்தில் மாண்டரின் தெரியாமல் ஒதுங்கி நிற்கும்போது திகைத்துப்போகிறார்கள். மாண்டரின் கேட்கும் விளம்பரங்கள் இரு பக்கமும் உண்டு.

ஜோகூரிலேயே வேலை தேடும் வாய்ப்பும் வளர்ந்துவருகிறது. ஜோகூர் சிங்கப்பூர்ச் சிறப்புப் பொருளியல் மண்டலத்துக்கான ஒப்பந்தம் 2025 ஜனவரியில் கையெழுத்தானது. செடெனாக் பகுதியில் தரவு மையங்கள் பெருகியுள்ளன. மின்னியல், குளிரூட்டல், தரவு மையப் பராமரிப்பு ஆகியவற்றில் சான்றிதழ் பெற்றவர்கள், பாலத்தைத் தாண்டும் முன் இங்கும் ஒருமுறை விண்ணப்பித்துப் பார்ப்பது நல்லது.

யாருக்கு எது பொருந்தும்?

| நிலை | பொருந்தும் வழி |
|---|---|
| மணமாகாதவர், ஜோகூர் பாருவில் சொந்த வீடு, அடைக்க வேண்டிய கடன் உண்டு | நாள்தோறும் கடப்பது, கால வரம்போடு |
| சம்பளம் 3,500 வெள்ளிக்கு மேல், அல்லது இரவுப் பணி | சிங்கப்பூரில் அறை |
| நிரந்தரவாசம் பெறும் உறுதியான நோக்கம் | சிங்கப்பூரில் அறை |
| குழந்தைப்பேற்றை எதிர்நோக்கும் பெண் | மலேசியாவிலேயே |
| தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள், துணைவரும் வேலைக்குப் போகிறார் | மலேசியாவிலேயே |
| 45 வயதைத் தாண்டியவர், சேமநிதியில் தொகை குறைவு | நாள்தோறும் கடப்பது, சேமநிதிக்குத் தாமாகச் செலுத்தும் ஒழுங்கு இருந்தால் மட்டும் |

முதல் வரிசையில் உள்ள 'கால வரம்போடு' என்ற சொல்லை நான் வேண்டுமென்றே சேர்த்தேன். மூன்று ஆண்டு, வீட்டுக்கடனின் முன்பணம், அதன்பின் திரும்புதல் என்று எழுதி வைத்துக்கொண்டு போனவர்கள் நலமாக மீண்டதைப் பார்த்திருக்கிறேன். "போகும்வரை போகட்டும்" என்று போனவர்கள் பெரும்பாலும் உடல் மறுக்கும்வரை போகிறார்கள். கடைசி வரிசையும் விளக்கம் வேண்டுவது. 45 வயதுக்காரர் மூன்று மடங்கு நாணய மதிப்பைக் கொண்டு சேமநிதியை நிரப்ப முடியும். சம்பளம் வந்த அன்றே வங்கியிலிருந்து தானாகப் போகும்படி ஏற்பாடு செய்யாவிட்டால், அந்தப் பணம் நிதியைச் சென்றடைவதில்லை.

விரைவு ரயிலுக்காகக் காத்திருக்கலாமா?

முடிவைத் தள்ளிப்போடுகிறவர்கள் இப்போது சொல்லும் காரணம், ஜோகூர் பாருவின் புக்கிட் சாகாரையும் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த்தையும் இணைக்கும் ஆர்.டி.எஸ். விரைவு ரயில். 2026-இன் இறுதியில் சேவை தொடங்கும் என்ற இலக்கோடு கட்டப்பட்ட இது, நான்கு கிலோமீட்டர் தொலைவை ஐந்தே நிமிடத்தில் கடக்கும். மணிக்கு ஒரு திசையில் 10,000 பேரை ஏற்றிச் செல்லும். இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் புறப்படும் இடத்திலேயே முடிந்துவிடும் என்பதுதான் இதன் உண்மையான பயன். இறங்கி ஏறி இறங்கும் அலைச்சல் இதனால் ஒழிகிறது.

உட்லண்ட்ஸ் நார்த் நிலையம் தாம்சன் கிழக்குக் கரையோர ரயில்பாதையில் இருப்பதால், ஆர்ச்சர்ட், மரினா பே போன்ற இடங்களில் வேலை செய்வோருக்கு நன்மை பெரிது. துவாஸிலும் ஜூரோங்கிலும் உள்ள தொழிற்சாலைகளுக்குப் போகிறவர்கள் இரண்டாவது பாலத்தையே தொடர்ந்து நம்பியிருக்க நேரிடும். காலை ஏழு மணிக்கு முறை (ஷிப்ட்) மாறும் உற்பத்திக் கூடத்தில் வேலை செய்பவர், முதல் ரயில் புறப்படும் நேரத்தையும் தம் கூடத்தின் வருகைப் பதிவு நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். மாசாயிலோ ஸ்கூடாயிலோ குடியிருப்பவர் அளக்க வேண்டியது அந்த ஐந்து நிமிடத்தை அன்று. திங்கட்கிழமை காலை ஐந்தரை மணிக்குத் தம் வீட்டு வாசலிலிருந்து புக்கிட் சாகார் வரை வந்துசேர எத்தனை நிமிடம் ஆகிறது என்பதை, ஒரு வாரம் தொடர்ந்து ஓட்டிப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த எண் தெரியாமல் புக்கிட் சாகாருக்கு அருகே வாடகை வீட்டுக்கு முன்பணம் கொடுப்பதும், சிங்கப்பூர் முதலாளியிடம் சம்மதக் கடிதத்தில் கையொப்பமிடுவதும் வேண்டாம்.